பன்றித் தூண் அருகில்

ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிற எனக்குக் கால்சட்டைக்கு அளவெடுத்தது ஒரு கல்தூணின் காலடியில். மாமா டேப்பைத் தேடவில்லை. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். மர பீரோவுக்கும் தூணுக்கும் நடுவில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்முனையிலிருந்து டேப்பை உருவினார். டேப் மாட்டுவதற்கென்றே யாரோ தூணில் ஒரு முனையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். "வளர்ற பயதானே அக்கா, ரெண்டு இஞ்சு விட்டுத் தைக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த ரெண்டு இஞ்சை நான் மூன்றாம் வகுப்பில்தான் எட்டிப் பிடித்தேன்.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, கீழச் சித்திரை வீதியைத் தாண்டினால் புது மண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. வெயில் காலத்தில் சாமியும் அம்மனும் வந்து இளைப்பாற நடுவில் ஒரு மேடை, குளிர்ச்சிக்குச் சுற்றிலும் தண்ணீர் நிறுத்தப் பள்ளம். கட்டி 400 வருஷத்தை நெருங்குகிறது. பெயர் இன்னும் புது மண்டபம்தான். இதில் மதுரைக்காரர்களுக்கு வியப்பு ஒன்றும் கிடையாது. எங்கள் சந்தில் ஒருவரை அறுபது வயதிலும் 'புது மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தச் சந்து கீழமாசி வீதிக்குப் பின்னால் இருந்தது. எழுபதுகளின் பின்பாதி. ஒரு முற்றம், சுற்றி ஆறு குடித்தனம், எல்லோருக்கும் ஒரே குழாய். பள்ளிக்கூடம் லீவு விட்டால், புது மண்டபத்தில் தையல் கடை வைத்திருந்த மாமாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. தூக்குவாளி ஒரு கையில், மோர்ச் செம்பு மறுகையில். வீட்டிலிருந்து புது மண்டபம் போக எனக்குக் கண் தேவைப்பட்டதில்லை, மூக்கு போதும்.

சந்து முனைக்கு வந்ததுமே வத்தல் நெடி தும்மலைக் கிளப்பும். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்தின் வீதி. மூடை மூடையாக மிளகாய் வத்தல், மல்லி, புளி, பருப்பு. அண்ணாச்சிகள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பருப்பை வைத்து ஊதிப் பார்த்தே விலை சொல்வார்கள். மூடை தூக்குகிறவர்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டு, கையில் இரும்புக் கொக்கியோடு, "வழி, வழி" என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள். ஒரு கைவண்டி குறுக்கே நின்றுவிட்டால் அதன் பின்னால் ஏழு வண்டி நிற்கும். ஏழு பேரும் ஏழு விதமாகத் திட்டுவார்கள். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதிக்கு மேல் கீழமாசி வீதியில் மொத்தக் கொள்முதல் செய்தவை.

அதைத் தாண்டினால் தேர்முட்டி. போர்த்தி மூடிய தேர்கள் அடுத்த சித்திரைக்காகக் காத்துக் கிடக்கும். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ் மாதங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் நான் "ஆடி, சித்திரை, ஆவணி, மாசி" என்று சொல்லிக் குட்டு வாங்குவேன். அது கோயிலுக்குள்ளிருந்து வெளியே நடந்து வருகிற வரிசை. மதில்களுக்குள் ஆடி வீதி, அடுத்துச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. வீதிகளை விழா மாதங்களின் பெயரால் அழைத்த ஊரில் காலண்டர் குழம்பாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்குச் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதால் வந்த வினை என்பார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அப்பா எத்தனையோ முறை முயன்றார். "தேரைப் பாக்கணுமா, காரணத்தைப் பாக்கணுமா?" என்று அம்மாதான் முடித்து வைப்பாள்.

பிறகு விட்டவாசல். பழைய கோட்டையின் வாசல் ஒன்று, நாலு பக்கமும் கடையும் கம்பியும் நெருக்க, சைக்கிள் ரிக்‌ஷாக்களை மெல்ல விழுங்கித் துப்பிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் இடித்தபோது இதை மட்டும் விட்டார்கள், அதனால் விட்டவாசல் என்பது எங்கள் அம்மாச்சி சொன்ன கணக்கு. அதைவிடப் பெரிய இடிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் நாயக்கர் காலத்துக் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே பரவவிட்டார். அந்த வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி, சர்வேயர் மாரட் பெயரில் ஒரு வீதி, கலெக்டருக்கு நன்றியாக விளக்குத்தூண். கோட்டையைக் கட்டிய கொத்தனார் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இடித்த மேஸ்திரி பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் ஆட்டோ பிடிக்கிறோம்.

விளக்குத்தூண் பக்கம் போனால் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய தூண்கள் பத்தும் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ராட்சத உயரத்தில் நிற்கும். மேலே எதையும் தாங்கவில்லை. வேலை செய்யாமல் வேடிக்கை பார்க்கிற காஜாப் பையனை மாமா, "சும்மா நிக்கிறதுக்கு நீ என்னடா பத்துத்தூணா?" என்றுதான் திட்டுவார்.

புது மண்டபத்துக்குள் கால் வைத்ததும் வெயில் கத்தரித்த மாதிரி அறுந்துவிடும். வெறுங்காலுக்குக் கல் ஜில்லென்று இருக்கும். புதுத்துணி வாசம், மிஷின் எண்ணெய் வாசம், அதற்கு மேலே எங்கோ இருட்டில் வௌவால் வாசம். 120 தூண்களுக்கு மேல் இருக்கும். அவற்றுக்கிடையே பகலிலும் டியூப்லைட் எரியும் கடைகள். வளையல், பாசிமணி, தாழம்பூக் குங்குமம், மரச்செப்பு, பித்தளைக் குத்துவிளக்கு, பஞ்சாங்கம், சாமி படம், தொட்டில் கம்பு, பம்பரம். பிறந்த குழந்தைக்குக் கிலுகிலுப்பையும் கல்யாணப் பெண்ணுக்குக் குடமும் ஒரே மண்டபத்தில் கிடைக்கும்.

பாத்திரக் கடைகளில் பெயர் வெட்டுகிறவர்களின் சத்தம் தனி. சின்னச் சுத்தியல், கூர் உளி, மடியில் குடம். டிக் டிக் டிக் என்று புள்ளி புள்ளியாக எழுத்து வளரும். எழுத்துக்கு இத்தனை பைசா என்று கூலி. அதனால் ஏழை வீட்டுச் சீர்ப்பாத்திரங்களில் இனிஷியல் மட்டும்தான் இருக்கும். பெரிய இடத்துக் குடங்களில் ஊர், தாய்மாமன் பெயர், தேதி, 'நல்வாழ்த்துகள்' எல்லாம் இருக்கும். எங்கள் சித்தி கல்யாணத்துக்கு வாங்கிய குடத்தில் 'அன்பளிப்பு' என்பதை 'அன்பளிபு' என்று வெட்டிவிட்டார் ஒருவர். அப்பா சண்டைக்குப் போனார். "அந்த எழுத்துக்கு நான் காசு வாங்கலையே சார்" என்று அவர் பதில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, யாராவது கல்யாணத்தில் கஞ்சத்தனமாக மொய் எழுதினால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அன்பளிபு'.

புத்தகக் கடையில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் தொங்கும். விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை. நின்றபடியே நல்லதங்காள் படிப்பேன். கடைக்காரத் தாத்தா பார்த்தும் பாராததுபோல் இருப்பார். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிணற்றை நெருங்கும் பக்கம் வந்ததும் சரியாக நிமிர்ந்து, "வாங்குறியாடா தம்பி?" என்பார். எந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தை விழும் என்று அவருக்கு மனப்பாடம். நான் நல்லதங்காளை முழுதாகப் படித்து முடித்தது கல்லூரிக்குப் போன பிறகு.

தையல்காரர்களின் வரிசைதான் மண்டபத்தின் உயிர். இரண்டு தூணுக்கு நடுவே ஒரு கால்மிஷின், ஒரு ஸ்டூல், துணி வைக்க ஒரு பீரோ. கடை என்றால் அவ்வளவுதான். எல்லா மிஷினும் ஓடும்போது கல் கூரை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பித் தரும். மழை பெய்கிறதோ என்று வெளியே எட்டிப் பார்த்திருக்கிறேன். நான் போய்ச் சேர்ந்ததும் மாமா சோற்றைத் தொடமாட்டார். "மாப்ள, கீழே பாரு" என்பார். கயிற்றில் கட்டிய காந்தத் துண்டைத் தரையில் இழுத்து, சிந்திக் கிடக்கிற குண்டூசி, ஊக்கு, உடைந்த ஊசி எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். வெட்டுத்துணியைச் சாக்கில் அடைக்க வேண்டும். தலையணை அடைக்கிறவர்களும் மெக்கானிக் ஷெட்காரர்களும் வாங்கிப் போவார்கள். இரண்டாவது லீவில் ஹூக் வைக்கவும், மூன்றாவதில் காஜா எடுக்கவும் கற்றுக்கொண்டேன். என் காஜாக்களைப் பார்த்துவிட்டு மாமா, "நீ நல்லாப் படிச்சிரு மாப்ள" என்றார். எனக்குக் கிடைத்த முதல் கல்வி ஆலோசனை அது.

கிராமத்து ஜனம்தான் பெரும்பாலும் வாடிக்கை. உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் மேலூர்ப் பக்கமிருந்தும் காலை பஸ்ஸில் வந்து, ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டு, அம்மனைக் கும்பிட்டு, பாத்திரம் வாங்கித் திரும்பி வரும்போது ஜாக்கெட் தயாராக இருக்கும். அளவெடுக்க விடமாட்டார்கள் சில கிழவிகள். "அந்தா போறா பாரு, அவ ஒடம்புதேன் எனக்கும்" என்று யாரையாவது காட்டுவார்கள். "சரி ஆத்தா" என்பார் மாமா. அந்த 'யாரோ' கூட்டத்தில் மறைவதற்குள் கண்ணாலேயே அளந்துவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதாக ஞாபகம் இல்லை.

பங்குனி பாதியில் மண்டபத்தின் நிறம் மாறும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அவர்மேல் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்களும், கருப்பசாமி வேஷம் போடுகிறவர்களும் உடுப்புத் தைக்கப் புது மண்டபத்துக்குத்தான் வருவார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சல்லடம், கச்சை, உருமா. ஓரமெல்லாம் ஜிகினாவும் சரிகையும். தண்ணீர் நிரப்பும் தோப்பரை மட்டும் தோல்வேலைக்காரர்களிடம். ராத்திரி பதினோரு மணிக்கும் மிஷின்கள் ஓடும். மாமாவின் புருவத்தில் ஜிகினாத்தூள் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது ரசத்தில் உதிரும்.

ஒரு வருஷம், திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு என் வயது. அம்மை கண்டு பிழைத்தவன் என்று அவன் முகமே சொன்னது. நேர்த்திக்கடன் இந்த வருஷம், காசு அடுத்த அறுவடைக்கு என்றார் அவர். மாமா பதில் சொல்லாமல் டேப்பை உருவினார். என்னை அவன் பக்கத்தில் நிறுத்தி இருவருக்கும் அளவெடுத்தார். "இவன் வளத்திக்குத் தச்சாத்தான் அடுத்த வருஷமும் ஆகும்" என்று சொல்லி என் அளவைக் குறித்துக்கொண்டார். அத்தை அன்று ராத்திரி கேட்டதற்கு, "அது அழகர் கணக்குடி" என்றார். ஆடி மாதம் அந்த ஆள் ஒரு மூட்டை நிலக்கடலை கொண்டுவந்து இறக்கினார். மண்டபம் முழுக்க ஒரு வாரம் கடலைத்தோல் பறந்தது. பின்னாளில் கணக்குப் பார்த்தேன். தையல்கூலியை விடக் கடலை அதிகம்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நடந்தது அடுத்தது. 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு முடிந்து, ஊருக்கு அடித்த புதுச் சுண்ணாம்பு மங்காத சமயம். கழுத்தில் காமிராவோடு ஒரு வெள்ளைக்காரர் எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஏதோ ஒரு புத்தகம், அதில் பழைய படம். படத்தைப் பார்க்கிறார், பீரோவைப் பார்க்கிறார். கடைசியில் பீரோவை நகர்த்த முடியுமா என்று சைகையில் கேட்டார். மாமாவுக்கு எரிச்சல், உள்ளே முகூர்த்த ஜாக்கெட்டுகள் மடித்து வைத்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு வழியாகத் தள்ளினார்கள்.

பின்னால், எண்ணெய்ப் பிசுக்கும் நூலாம்படையுமாக, ஆள் உயரத்தில் ஒரு உருவம். மனித உடம்பு, பன்றி முகம், கைகளில் குட்டிகள். நாங்கள் டேப் மாட்டிய முனை அதன் முழங்கை.

பக்கத்துக் கடைக்காரர்தான் கதையைச் சொன்னார். திருவிளையாடல். குருவைப் பழித்த பன்னிரண்டு பிள்ளைகள் சாபத்தால் பன்றிக்குட்டிகளாகப் பிறக்கிறார்கள். பாண்டியன் வேட்டையில் தாய்ப்பன்றி சாகிறது. பசியில் கத்தும் குட்டிகளுக்குச் சொக்கநாதரே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் பின்னால் பாண்டியனுக்கே மந்திரிகள் ஆனார்கள். வெள்ளைக்காரர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால குட்டிக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்திருக்காரு, நான் பாட்டுக்கு முழங்கையில டேப்ப மாட்டியிருக்கேன்" என்றார். பீரோவை அரையடி தள்ளியே வைத்தார்கள். ஆனால் டேப் மறுபடியும் முழங்கைக்கே போனது. வேறு இடம் வைத்தால் கை பழகவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் அந்த மண்டபத்தில் தலையை நிமிர்த்திப் பார்க்க ஆரம்பித்தேன். வளையல் கடைக்கு மேலே ஒரு நாயக்க மன்னர் கும்பிட்ட கையோடு நின்றார். ஒரு மூலையில் கல் யானை கரும்பு தின்றது. எல்லா இடத்திலும் ஆணி அடித்திருந்தது, ஒயர் ஓடியது, கற்பூரப் புகை படிந்திருந்தது. நாங்களும் ஆணி அடித்தவர்கள்தான். இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை 'அன்பளிபு' ஆகிவிடும்.

கடை சாத்தியதும் மாமா என்னை நடத்திக் கூட்டி வருவார். வழியில் முள்முருங்கை வடை, மேலே பொடி தூவி, இலைத்துண்டில். மழைக்காலமென்றால் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்க, டம்ளர் அடியில் தேங்காய்ச் சில். விளக்குத்தூண் ஜிகர்தண்டா எனக்குப் பரீட்சை பாஸானால் மட்டும். திண்ணைகளில் சௌராஷ்டிரப் பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். விரல் ஓடும், கண் எங்களைப் பார்க்கும், வாய் அவர்கள் பாஷையில் வேறு யாரிடமோ பேசும். மூன்று வேலையும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கிறது என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

மாமா போய் வெகுகாலம் ஆகிறது. கடையை அவர் மகன் பார்த்தான். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, எதிரே கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் தீப்பிடித்தது. கல் கூரையே சரிந்த செய்தியைச் சென்னையில் டி.வி.யில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அத்தனை துணியும் ஜிகினாவும் அடைந்த புது மண்டபத்தில் பற்றியிருந்தால்? பிறகு புது மண்டபத்து வியாபாரிகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்தில் கட்டிய வளாகத்துக்கு மாற்றினார்கள். மாற்றியது சரி. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மாறத் தயங்கிய வியாபாரிகள் மீதும் எனக்குக் கோபம் இல்லை; தாத்தா காலத்து இடத்தை விட்டு யார் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள்?

கடைகள் போன பிறகு ஒருநாள் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். தூண்கள் எல்லாம் தெரிந்தன. எங்கள் கடை எது என்றுதான் தெரியவில்லை. பீரோவையும் டியூப்லைட்டையும் வைத்து வழி கண்டுபிடித்தவனுக்குச் சிலைகளை வைத்துக் கண்டுபிடிக்க வரவில்லை.

அப்படியே புதிய வளாகத்துக்குப் போய் மாமா மகனிடம் ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்தேன். பளிச்சென்று இருக்கிறது கடை, மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது, பவர் மிஷின் சத்தமே போடவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் இடம் தெரியாமல் தடுமாறுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டான். பில் புத்தகத்தில் கடை எண்ணுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அச்சடித்திருக்கிறான்: 'முன்பு புது மண்டபம், பன்றித் தூண் அருகில்.' புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறான். நீளத்தில் ஒன்றும் விடவில்லை. இடுப்பில் மட்டும் ரெண்டு இஞ்சு விட்டிருக்கிறான்.